விழ வேண்டிய போர்வைக்கு நான் குத்தின ரெண்டு பின்

அபி, சுகன்யா, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் இதை எழுதிறன்.

போன சனிக்கிழமை கேக்கும் கையுமா வந்து, "அன்ரி, இந்த வேலையிலை எது முக்கியம் எண்டு சொல்லித் தாங்கோ" எண்டு கேட்டனீங்கள். அபி ஒஸ்லோவிலை பிறந்த பிள்ளை, நான் வாய் திறக்க முதலே போனிலை குறிப்பெடுக்க வெளிக்கிட்டிட்டாள். சுகன்யா கோயம்புத்தூர்க்காரி, "நீங்க பேசுங்க ஆன்ட்டி, நான் ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" எண்டாள். எனக்குப் பொலிசிலை வாக்குமூலம் குடுக்கிற மாதிரி இருந்திச்சுது. அதாலைதான் கேக்கைத் திண்டிட்டு உங்களை அனுப்பிப்போட்டு, ஆறுதலா இருந்து எழுதிறன்.

மேடைக்குப் பின்னாலை நிண்டு, பாடுற ஆக்களுக்கு உடுப்புப் போட்டு வெளிக்கிடுத்துறதுதான் எங்கடை வேலை. உடுப்பை எப்பிடி மினுக்கிறது, வேர்வை மணத்தை எப்பிடிப் போக்கிறது, கொக்கிக் கொளுவியை எந்தப் பக்கம் தைக்கிறது எண்டெல்லாம் முதல் மாசத்திலையே பழகிப்போடுவியள். அதுக்கு நான் தேவையில்லை. நான் கெட்டிக்காரியா நடந்த கதையளும் கனக்கக் கிடக்கு, அதைச் சங்கத்துக் கூட்டத்திலை மைக் கிடைக்கேக்கை சொல்லிக்கொள்ளுறன். உங்களுக்கு நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லுறன். அதுதான் உங்களுக்கு உதவும்.

ஒஸ்லோவிலை தண்ணிக்கரையிலை நிக்கிற அந்தப் பெரிய வெள்ளை ஒப்பராக் கட்டடத்தை நினைச்சுப்போடாதேங்கோ. நான் வேலை செய்தது ஆத்தோரம் பழைய தொழிற்சாலை ஒண்டை மாத்திக் கட்டின சின்ன அரங்கு. இருநூறு கதிரை வரும். நான் அங்கை போய்ச் சேர்ந்த வழியும் சுத்துவழிதான். நொர்வேயின்ரை வடக்குத் தொங்கலிலை, பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையிலை ஆறு வருசம் மீன் வெட்டினனான். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து இந்த அரங்கிலை கூட்டித் துடைச்சனான். ஒருநாள் தையல் அறையைக் கூட்டேக்கை, ஒருத்தி பாவாடைக்கு மடிப்பு எடுக்கத் தெரியாமல் நிண்டு அழுதுகொண்டிருந்தாள். துடைப்பத்தைச் சாத்திவைச்சிட்டு மடிச்சுக் காட்டினன். உடுப்புப் பகுதித் தலைவி கதவடியிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவ. துரொண்ட்ஹெய்ம்காரி, நெட்டை மனிசி, சிரிக்கிறது வருசத்துக்கு ரெண்டு தரம். "நாளைக்குத் துடைப்பம் கொண்டு வராதை" எண்டு மட்டும் சொன்னா. அப்பிடித்தான் நான் உள்ளுக்கு வந்தனான்.

சனி ஞாயிறிலை எனக்கு வேறையொரு வேலையும் இருந்தது. ஒஸ்லோவிலை எங்கடை கலியாணங்களிலை மணப்பொம்பிளையை வெளிக்கிடுத்துறது நான்தான். கூறைச்சேலை உடுத்திவிட்டனெண்டா, பொம்பிளை மணவறையிலை இருந்து எழும்பி, ஆயிரம் பேருக்கு நிண்டு போட்டோ எடுத்து, ஆடிப்பாடி வீட்டை போகுமட்டும் ஒரு மடிப்பு அசையாது. காரணம் என்ரை பின்னுகள். சுகன்யா ஊக்கு எண்டுவாள். எந்தப் பக்கத்தாலை பாத்தாலும் தெரியாமல் உள்ளுக்குள்ளை குத்துவன். எல்லாம் முடிய, பொம்பிளைக்கும் சொல்லாமல், மனத்திருப்திக்கு ஒண்டு கூடக் குத்துவன். என்ரை பின் அசையாது எண்டு ஊரெல்லாம் பேர். அந்தப் பேராலைதான் நாசமாப் போனனான்.

அந்த வருசம் எங்கடை அரங்கிலை ஒரு இத்தாலி ஒப்பரா போட்டவை. ஆயிரத்து எழுநூறுகளிலை எழுதினது, கதை அதைவிடக் கிழம், உரோமாபுரியின்ரை பழங்கதை. ஒப்பரா எண்டா பயப்பிடாதேங்கோ, எங்கடை கூத்து மாதிரித்தான். குத்துப்பட்டவன் கூட நிண்டு ஒரு பாட்டு முழுசாப் பாடிப்போட்டுத்தான் விழுவான்.

கதை என்னெண்டா, ஒரு எதிரி ராசா உரோமை முற்றுகை போட்டிருக்கிறான். உரோமப் பெடியன் ஒருத்தன் எதிரிச் சிப்பாயின்ரை போர்வையைப் போத்துக்கொண்டு, ராசாவைக் கொல்லப் பாசறைக்குள்ளை போறான். விசரன், ஆள் மாறி, பக்கத்திலை இருந்த எழுத்தரைக் குத்திப்போடுறான். பிடிபட்டவுடனை என்ன செய்யிறான் தெரியுமோ? ஒளிக்கேல்லை, அழேல்லை. போர்வையை ஒரே இழுவையிலை கழட்டி எறிஞ்சுபோட்டு, "நான் உரோமன், நான்தான் செய்தனான், பிழைவிட்ட கை இதுதான்" எண்டு வலக்கையைக் கொண்டுபோய் நெருப்புக்குள்ளை வைக்கிறான். ராசா அசந்துபோய் அவனை விட்டுவிடுறார். ஒப்பரா எண்டபடியாலை கடைசியிலை தன்ரை மகளையும் கட்டிக் குடுக்கிறார். அந்தக் காலத்திலை சோகமா முடிச்சா ஆக்களுக்குப் பிடிக்காதாம்.

பெடியன்ரை பாட்டுக்கு மெல்லிய குரல் வேணும். அந்த நாளையிலை அப்பிடிப் பாடுற ஆம்பிளையளுக்கு எழுதினது, இப்ப பொம்பிளையள் வேசம் போட்டுப் பாடுவினம். எங்களுக்குப் பாட வந்தவ பெயர் பெற்ற பாடகி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை அவவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. பின்னேரம் மூண்டு மணிக்கு ஆட்டம். மாற்றுக்கு வைச்சிருந்த, வடக்கிலை ஹம்மர்பெஸ்ட் ஊர்ப் பிள்ளையைக் கூப்பிட்டினம்.

அவளுக்கு இருபத்தாறு வயசு. மூண்டு மாசமா ஒவ்வொரு நாளும் வந்து, பாடாமல் திரும்பிப் போனவள். எனக்கு அவளைச் சரியான விருப்பம். பள்ளிக்கூட லீவிலை அவளும் மீன் தொழிற்சாலையிலை நிண்டவளாம். நாங்கள் ரெண்டு பேரும் கன்ரீனிலை இருந்து, எந்த மீனின்ரை முள் சதைக்குள்ளை ஒளிச்சுக் கிடக்கிற கள்ள முள்ளெண்டு கதைப்பம். அண்டைக்கு அவள் முகம் வெளிறிப்போய் வந்தாள். "யேர்மனியிலையிருந்து ஒரு அரங்கின்ரை ஆள் ஒஸ்லோவுக்கு வந்து நிக்கிறார். இண்டைக்குப் பாக்க வாறார். மூண்டு மாசத்திலை எனக்கு இந்த ஒரு பின்னேரம்தான்" எண்டாள். நாளைக்கு மற்றவவின்ரை தொண்டை திறந்திடும். இவள் திரும்பவும் கதிரையிலை இருக்கவேண்டியதுதான்.

போர்வை மற்றப் பாடகியின்ரை அளவு. தடிச்ச கம்பளி, இடத்தோளிலை ஒரு காந்தக் கொளுவியிலைதான் நிண்டது. இழுத்தா விழுறதுக்கெண்டே அப்பிடிச் செய்தது. இவளுக்குத் தோள் ஒடுக்கம். மூண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னம், படியிலை இறங்கேக்கை அது ஒருக்கா வழுகினதை நான் கண்டனான். அவள் காணேல்லை. அறைக்குள்ளை கூட்டிக்கொண்டு போய், கழுத்துப்பட்டியைச் சரிசெய்யிற மாதிரி, உள்ளுக்காலை போர்வையை உடுப்போடை சேத்து ஒரு பின் குத்தினன். அவள் கண்ணாடியைப் பாத்துப் பாடிக்கொண்டு நிண்டாள். மனத்திருப்திக்கு இன்னொண்டும் குத்தினன்.

அது விழவேண்டிய போர்வை எண்டு எனக்குத் தெரியாதோ? பதினொரு ஆட்டம் பாத்தனான், பிள்ளையள். ஆனா கைக்குத் தெரியேல்லை. கை மணவறைக்கு வெளிக்கிடுத்திக்கொண்டு நிண்டுது.

ஆட்டத்தின்ரை முதல் பாதி நல்லாப் போச்சு. உள்பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு, "பாத்தியோ என்ரை பிள்ளையை" எண்டு பெருமைப்பட்டுக்கொண்டு நிண்டனான். பிறகு அந்த நெருப்புக் கட்டம் வந்தது. நடு மேடையிலை பெரிய வெண்கலச் சட்டி, உண்மையான நெருப்பு, காஸிலை எரியிறது, கை வைக்கிற இடத்திலை மட்டும் சபைக்குத் தெரியாமல் ஒரு இடைவெளி. அது எழும்பிறதும் அடங்கிறதும் மேடையை நடத்துற மனிசன்ரை மேசையிலை இருக்கிற ஒரு பொத்தானிலை. பெடியன்ரை பாட்டுக்கு மூண்டு பகுதி. அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் அப்பிடித்தான்: முதல் பகுதி, ஆறுதலான நடுப்பகுதி, பிறகு முதல் பகுதியே திரும்பவும் சோடனையளோடை. முதல் பகுதி முடிய போர்வை விழவேணும். திரும்பப் பாடேக்கை நெருப்பு எழும்பும், கை உள்ளுக்குப் போகும்.

அவள் போர்வையைப் பிடிச்சு இழுத்தாள். போர்வை வரேல்லை, அவள்தான் வந்தாள். கழுத்தோடை இழுபட்டு ரெண்டு அடி தள்ளாடினாள். திரும்ப இழுத்தாள். கொளுவி விட்டுப்போச்சு, பின் விடேல்லை. போர்வையின்ரை ஒரு பக்கம் அவிண்டு நெஞ்சுக்குக் குறுக்கை தொங்குது. குனிஞ்சாளெண்டா நேரை சட்டிக்குள்ளை விழும். ஐயோ கடவுளே! என்ரை பின் அசையாது எண்டு அப்பத்தான் கைக்கும் ஞாபகம் வந்தது.

இப்ப கவனமாக் கேளுங்கோ, இந்த இடத்துக்காகத்தான் எழுதிறன். எனக்குப் பக்கத்திலை நாலு பேர் நிண்டவை. எல்லாரும் கொளுவிதான் இறுகிப்போச்செண்டு நினைச்சினம். பின் இருக்கெண்டு தெரிஞ்ச ஒரே சீவன் நான். எனக்கு அப்ப தற்காலிக வேலை. நிரந்தரமாக்கிறதோ, வீட்டை அனுப்பிறதோ எண்டு அடுத்த கிழமைதான் முடிவு. "வாயை மூடிக்கொண்டு நில், கொளுவிக்குத்தான் பழி" எண்டு எனக்குள்ளை ஒருத்தி சொன்னாள். அவள் நல்லாத் தமிழ் கதைச்சாள். நான் அவளைக் கேட்டுக்கொண்டு நிண்டனான். ஒரு மூச்சு நேரம்தான், ஆனா நிண்டனான். அதை மறைக்கேலாது.

பிறகு ஓடினன். மேடை நடத்துற மனிசன்ரை மேசைக்குப் போய், "அது கொளுவி இல்லை. நான் பின் குத்தியிருக்கிறன்" எண்டன்.

அந்த மனிசன் சத்தம் போட்டு ஒருநாளும் ஒருத்தரும் கேட்டதில்லை. என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. "எந்தப் பக்கம்?" எண்டார்.

"இடத்தோள். கழுத்துப்பட்டிக்கு உள்ளுக்கு."

"எத்தினை?"

"ஒண்டு" எண்டன். பிறகு, "ரெண்டு" எண்டன்.

"கழட்ட எவ்வளவு நேரம்?"

"கையிலை அம்பிட்டா அஞ்சு செக்கன்."

"நடுப்பகுதி ரெண்டு நிமிசம். அதுக்குள்ளை போர்வை விழேல்லையெண்டா நான் காஸை நிப்பாட்டுறன். நெருப்பில்லாத சட்டிக்குள்ளை அவள் கையை விடட்டும்." அப்பிடிச் சொல்லிப்போட்டுப் பக்கத்திலை காவல்காரன் வேசத்திலை நிண்டவனைப் பாத்தார். எங்கடை கூட்டுப்பாட்டுக்காரன், ஆறடிக்கு மேலை உயரம். "உன்ரை உடுப்பை இவவுக்குக் குடு."

வாழ்நாளெல்லாம் ஊரை வெளிக்கிடுத்தினவளை அண்டைக்கு அந்த ராட்சசன் பத்துச் செக்கனிலை வெளிக்கிடுத்தினான். அங்கி நிலத்திலை இழுபடுது. தலைக்கவசம் மூக்குமட்டும் இறங்கிச்சுது. கையிலை ஈட்டியைத் திணிச்சான். "அது வேண்டாம் தம்பி" எண்டு தமிழிலை சொன்னன். அவனுக்கு என்ன விளங்கிச்சுதோ, திருப்பி வாங்கிக்கொண்டு முதுகிலை ஒரு தள்ளுத் தள்ளினான். மேடையிலை நிண்டன்.

பிள்ளையள், மேடை வெக்கை எண்டா என்னெண்டு பின்னாலை நிண்டு பாக்கேக்கை விளங்காது. அவள் என்னைக் கண்டாள். கண் ரெண்டும் விரிஞ்சுது, குரல் மட்டும் தன்ரை பாட்டிலை போய்க்கொண்டிருந்திச்சுது. கைதியைப் பிடிக்கிற மாதிரி அவளின்ரை கையைப் பிடிச்சன். மற்றக் கையைக் கழுத்துப்பட்டிக்குள்ளை விட்டன். முதல் பின் வந்திட்டுது, வழக்கம்போலை வாயிலை கவ்விக்கொண்டன். ரெண்டாவது வளைஞ்சு, கம்பளிக்குள்ளை புதைஞ்சு கிடந்தது. கண் தெரியாது, தலைக்கவசம் மறைக்குது. விரலாலை தடவினன். பாட்ஸ்பியோர்ட்டிலை விறைச்ச கையாலை மீனுக்குள்ளை முள் தேடி எடுத்த விரல்தானே, கள்ள முள்ளை எடுக்கிற மாதிரி மேலை தள்ளி, சீலையைக் கிழிச்சுக்கொண்டு இழுத்தன். வந்திட்டுது!

அவள் தோளை உலுப்பினாள். போர்வை விழுந்துது. ஆனா நிலத்திலை விழேல்லை, என்ரை தலையிலை விழுந்துது.

சபை சிரிச்சுது. சிரிக்காமல் என்ன செய்யும்? உரோமாபுரிக்காக ஒருத்தன் கையைக் கருக்கப்போறான், பக்கத்திலை ஒரு கட்டைக் காவல்காரன் போர்வைக்குள்ளை கிடந்து திண்டாடுறான். தட்டித் தடவி வெளியிலை வந்தன். எப்பிடிப் போறதெண்டு தெரியேல்லை. ராசா வேசக்காரன் பாவம், போ போ எண்டு கையைக் காட்டினார். கோயிலிலை மூலஸ்தானத்துக்கு முதுகு காட்டாமல் வாற மாதிரி, கும்பிட்டுக் கும்பிட்டுப் பின்பக்கமாவே நடந்து வந்தன். அதுக்கும் சிரிச்சினம்.

அவள் அந்தச் சிரிப்பு அடங்குமட்டும் அசையாமல் நிண்டாள். திரும்பப் பாட வெளிக்கிட நெருப்பு எழும்பிச்சுது. கை அதுக்குள்ளை போச்சு. அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை. நான் உள்ளுக்கு வந்து, வாயிலை ஒரு பின்னும் கையிலை ஒரு பின்னுமா நிலத்திலை குந்தியிருந்து அழுதனான். அந்த ஆறடிக்காரன் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தான்.

அடுத்தநாள் காலமை தலைவி கூப்பிட்டா. இஞ்சை வேலையிலை ஏதும் பிசகினா "ஆவ்விக்" எண்டு ஒரு படிவம் நிரப்பவேணும் எண்டு உங்களுக்குத் தெரியும். நான் விடியவே என்ரை உடைஞ்ச நொர்ஸ்க் பாசையிலை எழுதிக் குடுத்திட்டன்: பின் குத்தினது நான், ரெண்டு, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவவின்ரை மேசையிலை ரெண்டு படிவம் கிடந்தது. மற்றது ஹம்மர்பெஸ்ட் பிள்ளை எழுதினது. போர்வை வழுகுமெண்டு பயந்து பின்னைத் தானே குத்தினதெண்டு எழுதியிருந்தாள்.

"ரெண்டு பின், ரெண்டு குற்றவாளி. ஆளுக்கொண்டு எண்டு பிரிச்சுக் குடுக்கட்டோ?" எண்டா தலைவி. அந்த வருசத்துக்குரிய ஒரு சிரிப்பு அதிலை போச்சு. பிறகு கேட்டா, "ஏன் குத்தினாய்?"

"மேடையிலை வழுகி, பிள்ளை வெக்கப்பட்டுப் போடுவாளெண்டு பயந்தனான்."

"வழுகினதை அவளுக்குச் சொன்னியோ?"

"இல்லை. ஏற்கெனவே பயந்துபோய் நிண்டவள். ஏன் கூட்டுவான் எண்டு..."

"பின் குத்தினது சின்னப் பிழை. அவள் மேடையிலை நிக்கிறவள். தன்ரை தோளிலை என்ன இருக்கெண்டு அவளுக்குத் தெரியவேணும். அன்பெண்டு நினைச்சு அதை நீ ஒளிச்சுப்போட்டாய். அதுதான் பெரிய பிழை." அவ்வளவுதான். ரெண்டு நாளாலை நிரந்தர வேலைக் கடிதம் வந்தது.

இதோடை கதையை முடிச்சா எனக்கு நல்லது. ஆனா நீங்கள் முழுசாக் கேக்கவேணும்.

ரெண்டு கிழமைக்குப் பிறகு கன்ரீனிலை அவள் எனக்கு முன்னாலை வந்து இருந்தாள். "யேர்மனிக்காரர் கூப்பிடேல்லை" எண்டாள்.

முள்ளுக்கரண்டியைத் தட்டிலை வைச்சன். "என்னாலைதான்" எண்டன்.

எங்கடை ஆக்களெண்டா "சீச்சீ, அப்பிடி நினையாதேங்கோ" எண்டிருப்பினம். அவள் வடக்கத்தைய நொர்வேக்காரி. ரொட்டியைக் கடிச்சுக்கொண்டு யோசிச்சாள். "ஓம். பாதி" எண்டாள்.

"மற்றப் பாதி?"

"அந்தச் சிரிப்புக்குப் பிறகு மேல்சுரம் ஒண்டு எனக்கு உடைஞ்சுபோச்சு, அது என்ரை பாதி. நீ அழுதுகொண்டிருந்ததாலை கேட்டிருக்கமாட்டாய்." அப்பிடிச் சொல்லிப்போட்டு என்ரை தட்டிலை இருந்த உருளைக்கிழங்கை எடுத்துத் திண்டாள். மன்னிச்சிட்டாள் எண்டு விளங்கிச்சுது. ஆனா கணக்கிலை குறைக்கேல்லை. அந்தப் பாதி இண்டைக்கும் என்னட்டைத்தான் கிடக்கு. நீங்கள் எனக்கு எவ்வளவுதான் கேக் கொண்டு வந்தாலும் அது போகாது.

அவள் துரொண்ட்ஹெய்முக்குப் போய், கூட்டுப்பாட்டிலை நிண்டு, மெல்ல மெல்ல மேலை வந்தாள். அஞ்சு வருசத்துக்குப் பிறகு எங்கடை அரங்குக்கு ஒரு ராணி வேசத்துக்கு வந்தாள். தன்னை வெளிக்கிடுத்த நான்தான் வேணுமெண்டு கேட்டாளாம். முதல் நாள், கண்ணாடிக்கு முன்னாலை ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிண்டு, "என்னென்ன போட்டிருக்கிறாய்? சொல்லு" எண்டாள்.

"கொளுவி மூண்டு. நாடா ஒண்டு. பின் இல்லை."

"வேறை?"

அந்த உடுப்பின்ரை கழுத்துப்பட்டி அவளுக்குக் கொஞ்சம் தளர்வு. தைக்க நேரமில்லை, இன்னும் ரெண்டு நிமிசம்தான் கிடக்கு. என்ரை பை நிறையப் பின். விரல் தன்ரை பாட்டிலை பைக்குள்ளை போயிட்டுது, வெறுங்கையா வெளியிலை இழுத்தெடுத்தன்.

"வலப்பக்கக் கழுத்துப்பட்டி வழுகும்போலை கிடக்கு. எனக்குப் பயமாக்கிடக்கு" எண்டன்.

அவள் கையை மேலை வைச்சுத் தடவிப் பாத்தாள். ரெண்டுதரம் தோளை ஆட்டினாள். "ஓம், வழுகும்" எண்டாள். பிறகு மேடைக்குப் போயிட்டாள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள்ளை நிண்டனான். ரெண்டாவது காட்சியிலை, ஒரு நீட்டுச் சுரத்துக்கு நடுவிலை, வலப்பக்கக் கழுத்துப்பட்டி வழுகிச்சுது. அவள் பாட்டை நிப்பாட்டேல்லை. ராணியள் எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை எண்டமாதிரி, ரெண்டு விரலாலை தூக்கித் தோளிலை வைச்சுக்கொண்டு பாடினாள். சபைக்கு ஒண்டும் தெரியேல்லை. நான் பயந்தது அப்பிடியே நடந்தது, அவள் அதுக்கு ஆயத்தமா நிண்டவள்.